கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து

"ஃபார்வர்டட் அஸ் ரிசீவ்டு."

வாட்ஸ்அப்புல வர்ற நீளமான சேதிக்கு அடியில, கைகூப்புற பொம்மைக்குப் பக்கத்துல இந்த மூணு வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் பொத்துக்கிட்டு வருது. வந்துச்சு, அனுப்பிட்டேன், நெசமா பொய்யான்னு என்னைக் கேட்காதீங்க. இதானே அதுக்கு அர்த்தம்? தெரியலைன்னா அனுப்பாம இருக்கலாமே. அனுப்பவும் வேணும், பொறுப்பும் வேண்டாம்னா எப்படிங்க?

இன்னிக்கு ஒரு தமிழ்ப் பேப்பரை எடுத்துக் கடைசிப் பக்கத்தோட அடிவிளிம்பைப் பாருங்க (சில பேப்பர்ல உள்பக்கத்துல இருக்கும்). எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்துல ரெண்டு மூணு வரி இருக்கும். அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார், அச்சடிச்ச இடம் இன்ன தெரு, இன்ன ஊர், ஆசிரியர் இன்னார். டீக்கடையில பேப்பரைத் தாள் தாளாப் பிரிச்சு ஆளுக்கொண்ணா படிக்கிறப்போ, அந்த வரியை ஒருத்தரும் படிக்கிறதில்ல. ஆனா அது இல்லாம பேப்பர் வெளியில வர முடியாது. 1867-ல வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டம் அதைக் கட்டாயமாக்குச்சு. 2024 மார்ச் 1-ல அதுக்குப் பதிலா புதுச் சட்டம் வர்ற வரைக்கும், நூத்தம்பது வருஷத்துக்கு மேல அதுதான் நடப்பு. எனக்கு இந்தப் பொடி எழுத்துமேல ரொம்ப மரியாதை உண்டு. தந்தி, ரேடியோ, டிவி, போன்னு சேதி வர்ற வழி மாறிக்கிட்டே வந்ததைப் பத்திப் பேசுறவங்க எல்லாரும் வேகத்தைப் பத்தியே பேசுறாங்க. வேகம் கூடினது நல்லதுதான். அந்த வேகத்துல நம்ம கையை விட்டு நழுவிப் போனது சேதியோட விலாசம்ங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. சொன்னது யாரு, எங்கிருந்து சொன்னான், தப்புன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டணும்? இந்த மூணுக்கும் பதில் இல்லாத சேதி எவ்வளவு சீக்கிரம் வந்தாலும், அது நமக்கு வந்து சேர்ந்ததா நான் எண்ண மாட்டேன்.

பழனிக்குப் பக்கத்துல இருக்கிற எங்க ஆயக்குடிக்காரங்களுக்கு இதுக்கு வெளியூர் உதாரணம் தேவையே இல்ல. 2024 செப்டம்பர்ல திருப்பதி லட்டு நெய் விவகாரம் கிளம்பின ஒண்ணு ரெண்டு நாள்லயே, பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே நெய்தான்னு ஒரு சேதி போன் போனாப் பறந்துச்சு. திருப்பதி விவகாரத்துல அடிபட்ட நிறுவனம் திண்டுக்கல்லைச் சேர்ந்தது. திண்டுக்கல், பழனி, நெய், கோயில்... நாலையும் ஒரு கோட்டுல கோக்கிறதுக்கு யாருக்கும் அஞ்சு நிமிஷம் கூட ஆகல. பழனிக்கு ஆவின் நெய்தான் வாங்குறோம்னு அரசாங்கம் சொன்னுச்சு, தமிழ்நாடு அரசோட தகவல் சரிபார்ப்பகமும் சொன்னுச்சு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஆயக்குடி பஸ் ஸ்டாப்புல ஏறினா கால் மணி நேரம், இருபது நிமிஷத்துல பழனி. அடிவாரத்துல கடை வச்சிருக்கவங்க, மலைமேல வேலை பார்க்கிறவங்க, யாராவது ஒருத்தராவது சொந்தமோ தெரிஞ்சவங்களோ இல்லாத தெரு இந்தப் பக்கம் கம்மி. நேர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கக்கூடிய விஷயம் அது. அப்படி இருந்தும், கண்ணெதிர்ல இருக்கிற மலையைப் பத்தின சேதி, அந்த மலையை ஒரு தடவை கூடப் பார்க்காதவன் கையிலேர்ந்து நமக்கு வந்துச்சு. நாமளும் அதை மலைக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கே அனுப்பினோம்.

இது திடீர்னு ஒரு நாள்ல வந்த நெலமை கிடையாது. தந்தியை எடுத்துக்குங்க. வார்த்தைக்குக் காசுங்கிறதால ரத்தினச் சுருக்கமா இருக்கும், ஆனா எந்த ஆபீஸ்லேர்ந்து கிளம்பினது, எத்தனை மணிக்கு, அனுப்பினது யாருங்கிறது அந்தத் தாள்லயே இருக்கும். 1942-ல சி.பா.ஆதித்தனார் மதுரையில ஆரம்பிச்ச பேப்பர் தினத்தந்தின்னு பேர் வாங்கினதே, தந்தி மாதிரி சுடச்சுட, சுருக்கமா, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரியிற மாதிரி சேதி தரணும்னுதான். அதுக்கப்புறம் ரேடியோ. "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி"ன்னு டில்லியிலேர்ந்து ஒரு குரல் வரும். சேதிக்கு முன்னாடி பேர் வந்துரும். எண்பது, தொண்ணூறுகள்ல ஆஃப்செட் அச்சும் கம்ப்யூட்டர் எழுத்தும் வந்து, பேப்பர்கள் பல ஊர்ல பதிப்பு போட ஆரம்பிச்சப்போதான் ஆயக்குடி மாதிரி சின்ன ஊருக்கு நல்ல காலம் பிறந்துச்சு. அதுக்கு முன்னாடி கொலையோ வெள்ளமோ வந்தாத்தான் நம்ம ஊர் பேர் பேப்பர்ல வரும். மாவட்டத்துக்குன்னு பக்கம் வந்த பிறகு, குடிதண்ணி வரலைன்னாலும் சேதி, கொய்யா விலை விழுந்தாலும் சேதி, அடிவாரத் தோட்டத்துல யானை புகுந்தாலும் சேதி. ஊர்ப் பேர் தடிச்ச எழுத்துல முதல்ல நிக்கும். அதை எழுதின பகுதிநேர நிருபர் டிவிஎஸ் வண்டியில நம்ம தெரு வழியாத்தான் போவார். "ஏனுங்க, நேத்துப் போட்டது தப்புங்க"ன்னு வண்டியை நிறுத்திக் கேக்கலாம். தொழில்நுட்பம் சேதியைச் சேதி சொல்றவரோட சேர்த்து ஊருக்குள்ள கொண்டுவந்த காலம் அது. என்னைக் கேட்டா, சின்ன ஊருகளுக்குச் சேதியில அதைவிட நல்ல காலம் வந்ததில்ல.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா விலை தரைமட்டத்துக்கு இறங்கினப்போ நடந்தது வேற. அது வரைக்கும் சேதியைக் கொண்டுவந்தவன் முகம் நமக்குத் தெரியாது, ஆனா சேதி பிறந்த இடம் தெரியும். பேப்பர்க்காரப் பையன் யாரா இருந்தா என்ன, பேப்பர் பேர் தெரியுமே. வாட்ஸ்அப் இதை அப்படியே தலைகீழாப் புரட்டிருச்சு. கொண்டுவந்தவன் முகம் நல்லாத் தெரியும்: மச்சான், சித்தப்பா, கூடப் படிச்சவன், பால் சொசைட்டி குரூப்புல இருக்கிற அண்ணன். சேதி பிறந்த இடம்தான் தெரியாது. மச்சான்மேல நாம வச்சிருக்கிற நம்பிக்கை அந்தச் சேதிமேல ஒட்டிக்குது. அவர் நம்மகிட்ட பொய் சொல்ல மாட்டாரு, அது உண்மை. ஆனா அவரு அதைச் சொல்லவே இல்லையே! அவருக்கு வந்ததை நமக்குத் தள்ளிவிட்டாரு, அவ்வளவுதான். இடையில இருபது கை மாறியிருந்தாலும் நமக்குத் தெரியறது கடைசிக் கை மட்டும்தான். இந்தக் கடைசிக் கையோட நல்ல பேரை வச்சுத்தான் பொய் சேதி ஊருக்குள்ள நடமாடுது.

இதுல உயிரே போயிருக்கு. 2018 மே 9. சென்னையிலேர்ந்து குலதெய்வம் கும்பிடக் கிளம்பின ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர்ல வண்டியை நிறுத்தி வழி கேட்டாங்க. அங்க இருந்த குழந்தைங்களுக்குச் சாக்லேட் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு அதுக்கு முன்னாடி சில வாரமா அந்தப் பக்கம் போன்ல ஆடியோவும் படமும் சுத்திக்கிட்டு இருந்துச்சு. கூட்டம் கூடி அடிச்சதுல 65 வயசு அம்மா செத்துப்போனாங்க. அடிச்சவங்க அந்த ஆடியோவுல பேசினவன் யாருன்னு பார்த்தவங்க கிடையாது. அதே மாதிரி 2023 மார்ச்சுல, பீகார் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டுல அடிச்சுக் கொல்றாங்கன்னு வீடியோக்கள் வடக்க பரவி, திருப்பூர்ல வேலை பார்த்தவங்களைப் பயமுறுத்துச்சு. அப்போ டிஜிபியா இருந்த சைலேந்திரபாபு விளக்கம் கொடுத்தார். ஒரு வீடியோ பீகார்த் தொழிலாளிகளே ரெண்டு கோஷ்டியா மோதிக்கிட்டது, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்த சண்டை. ரெண்டும் பழசு. வீடியோ பொய் கிடையாது, அடி விழுந்தது நெசம். அதுமேல ஒட்டியிருந்த சீட்டுதான் பொய். எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்ததுங்கிற மூணையும் கழட்டிட்டா, எந்த நெச வீடியோவையும் எந்தப் பொய்க்கும் சாட்சியா நிறுத்தலாம்.

சரி, எதிர்ப்பக்கத்துல என்ன சொல்றாங்கன்னும் பார்க்கணும்.

"வதந்தி என்ன புதுசா? போன் வர்றதுக்கு முன்னாடி இல்லையா?"ன்னு கேப்பாங்க. இருந்துச்சு. 1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடிக்கிறார்னு ஒரே நாள்ல நாடு முழுக்கப் பரவுச்சு. எஸ்டிடி பூத்துல வரிசை கட்டி நின்னு சொந்தக்காரங்களுக்குச் சொன்னாங்க. அப்போ செல்போன் யார்கிட்ட இருந்துச்சு? ஒத்துக்கறேன். ஆனா அந்த வதந்தியைச் சோதிச்சுப் பார்க்க ஒரு ஸ்பூன் பாலும் தெருமுனைக் கோயிலும் போதுமா இருந்துச்சு. ஊரே ஒரே இடத்துல கூடி நின்னு ஒரே விஷயத்தைப் பார்த்துச்சு. நம்பினவங்களும் சிரிச்சவங்களும் அடுத்தடுத்து நின்னாங்க. இன்னிக்கு அவங்கவங்க போன்ல, அவங்கவங்க தலையணைக்குப் பக்கத்துல வர்ற சேதிக்கு மறுத்துப் பேசப் பக்கத்துல ஆள் இல்ல. டீக்கடைப் பேப்பர்ல ஒருத்தர் சத்தமாப் படிச்சா, "யோவ், அது அப்படி இல்லைய்யா"ன்னு எதிர் பெஞ்சுலேர்ந்து ஒரு குரல் வரும். படிப்பும் மறுப்பும் ஒரே நேரத்துல நடந்துரும்.

ரெண்டாவது கேள்வி கொஞ்சம் கடுமையானது. "பேர் போட்டவன் மட்டும் உண்மையா சொன்னான்?" நியாயமான கேள்வி. 1984 அக்டோபர் 31 காலையில இந்திரா காந்தியைச் சுட்டாங்க. அவங்க இறந்துட்டாங்கன்னு ஆகாஷ்வாணி சாயந்தரம்தான் சொன்னுச்சு. பல மணி நேரம் முன்னாடியே பிபிசி சொல்லிருச்சு. பேர் சொல்லி வாசிச்ச வானொலிதான், ஆனா மறைச்சுச்சு. பேப்பர்களும் பல வருஷம் சேரியில நடந்ததை எட்டாம் பக்கத்து மூலையில நாலு வரிக்குமேல எழுதினதில்ல. போன் வந்ததாலதான் அந்த வாயெல்லாம் திறந்துச்சு, அதை நான் மனசாரச் சொல்றேன். ஆனா விலாசம் இருந்ததாலதானே ஆகாஷ்வாணி தாமதம் பண்ணுச்சுன்னு நாம இன்னிக்கும் குத்தம் சொல்ல முடியுது? மறைச்சவன் யாருன்னு தெரியும், அதனால அடுத்த தடவை முள்ளை பிபிசி பக்கம் திருப்பிக்கலாம். வாட்ஸ்அப் சேதி பொய்யாப் போனா யாரைக் குத்தம் சொல்லுவீங்க? அடுத்த தடவை யாரை நம்பாம இருப்பீங்க? பொய்யனுக்குக் கெட்ட பேர் வர்றதுக்குக் கூட முதல்ல ஒரு பேர் வேணும்.

2020 சாத்தான்குளத்தையும் இங்க சொல்லணும். தந்தை, மகன் ரெண்டு பேர் போலீஸ் அடிச்சுச் செத்த கொடுமையை உலகம் பூரா கொண்டுபோனது போன்தான். அந்த வழக்குக்கு முதுகெலும்பு கொடுத்தது, அதே ஸ்டேஷன்ல வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி மாஜிஸ்திரேட் முன்னாடி நின்னு கொடுத்த சாட்சி. ஊர் பேசினது நெருப்பைப் பத்த வச்சுது. தன் பேரைக் கொடுத்து ஒருத்தர் சொன்னதுதான் கோர்ட்டுல நின்னுச்சு.

மூணாவது கேள்விதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. பேர் போடுன்னு சொல்றது ஆளைப் பிடிக்கிறதுக்குத்தானே? 1867 சட்டத்தை வெள்ளைக்காரன் எதுக்குப் போட்டான், நம்ம நல்லதுக்கா? 1908-ல பாரதியார் எழுதிக்கிட்டிருந்த 'இந்தியா' பத்திரிகைமேல வழக்கு வந்தப்போ, பதிவுல ஆசிரியர்னு பேர் இருந்த சீனிவாசன் ஜெயிலுக்குப் போனார், பாரதி புதுச்சேரிக்குப் போனார். அந்தப் பொடி எழுத்து ஒரு மனுஷனைச் சிறைக்கு அனுப்பியிருக்கு. இன்னிக்கும் இந்தச் சண்டை நடக்குது, அதுல தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. சேதியை முதல்ல அனுப்பினவனைக் கண்டுபிடிக்க வழி வேணும்ங்கிற பேச்சு சென்னை ஐகோர்ட்டுல ஒரு வழக்குல எழுந்துச்சு. ஒவ்வொரு சேதியோடயும் அதை உருவாக்கினவர் விவரத்தைச் சேர்த்தே அனுப்ப முடியும்னு 2019-ல ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி அங்க யோசனை சொன்னார். 2021-ல மத்திய அரசு விதியே போட்டுச்சு. வாட்ஸ்அப் அதை எதிர்த்து டில்லி ஐகோர்ட்டுக்குப் போச்சு, 2024-ல சேதிமேல போட்டிருக்கிற ரகசியப் பூட்டை (என்கிரிப்ஷனை) உடைக்கச் சொன்னா நாங்க இந்தியாவை விட்டே போயிருவோம்னு சொல்ற அளவுக்கு வந்துச்சு. இதுல நான் அரசாங்கத்துப் பக்கம் இல்ல. எல்லார் சேதிக்கும் பின்னாடி அரசாங்கம் விரல் வச்சுத் தேடுறதுக்கும், படிக்கிறவன் "யாருங்க சொன்னது?"ன்னு கேட்டுப் பதில் வாங்குறதுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம். நான் கேக்கிறது ரெண்டாவது. அதுக்குச் சட்டம் தேவையில்ல. அனுப்புறவர் தன் வாயால ஒரு வரி சேர்த்தாப் போதும்: நான் பார்த்தேன், இன்னார் சொன்னார், இன்ன பேப்பர்ல வந்துச்சு. சேர்க்க ஒண்ணும் இல்லைன்னா, அனுப்பவும் ஒண்ணும் இல்ல.

"சனங்களுக்கு விவரம் பத்தலை, போனைக் குத்தம் சொல்லி என்ன புண்ணியம்?"னு படிச்சவங்க சிலர் சொல்றாங்க. இதை நான் சுத்தமா ஒத்துக்க மாட்டேன். ஆயக்குடி கொய்யாச் சந்தையில காலையில நடக்கிற பேச்சைக் கவனிச்சுப் பாருங்க. இன்னிக்குப் பெட்டி இவ்வளவு போகுதுன்னு யாராவது சொன்னா, தோட்டக்காரர் உடனே நம்பிருவாரா? எந்த மண்டியில? யார் எடுத்தா? எந்த ரகத்துக்கு? முதல் பறிப்பா, கழிவா? நாலு கேள்வி கேட்டு, இன்னொரு மண்டிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் காயை இறக்குவார். அவருக்கா விவரம் பத்தலை? விலைச் சேதியில அவர் விலாசம் கேக்கிறார், ஏன்னா தப்பாப் போனா அன்னிக்கே அவர் பையில அடி விழும். அதே போன் அந்த இடத்துல அருமையா வேலை செய்யுது. வட கேரளாவுல மத்தி மீன்காரங்களை வச்சு ராபர்ட் ஜென்சன்ங்கிற பொருளாதார அறிஞர் பண்ணின ஆராய்ச்சி 2007-ல வெளிவந்துச்சு. செல்போன் வர்றதுக்கு முன்னாடி ஒரு கரையில வாங்க ஆளில்லாம மீனைக் கடல்ல கொட்டுவாங்க, பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில வியாபாரி மீன் கிடைக்காம நிப்பான். போன் வந்த பிறகு கொட்டுறது நின்னுச்சு, மீன்காரங்க லாபம் சராசரியா 8 சதவீதம் கூடுச்சு, வாங்குறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சுச்சு. அங்கயும் சேதி சொன்னது பேர் தெரிஞ்ச வியாபாரி. சொன்ன விலையைக் கொடுக்கலைன்னா அடுத்த நாள் அவன் கரைக்குப் படகு போகாது. ஆளும் ஒண்ணு, கருவியும் ஒண்ணு. விலாசத்தோட வந்தா அது வாழ வைக்குது.

கருவியில சின்ன மாத்தம் பண்ணினாலே ஆள் நடந்துக்கிறது மாறுதுங்கிறதுக்கும் சாட்சி இருக்கு. 2018-ல அத்திமூர் மாதிரி நடந்த கொலைகளுக்கு அப்புறம் வாட்ஸ்அப் 'ஃபார்வர்டட்'னு ஒரு அடையாளம் போட்டுச்சு, இந்தியாவுல ஒரு நேரத்துல அஞ்சு பேருக்கு மேல தள்ள முடியாதுன்னு ஆக்குச்சு. 2020 ஏப்ரல்ல, ரொம்பக் கை மாறின (அந்த ரெட்டை அம்புக்குறி போட்டு வர்றது) சேதியை ஒரு தடவைக்கு ஒருத்தருக்குத்தான் அனுப்பலாம்னு இறுக்கினதும், அப்படிப்பட்ட சேதி 70 சதவீதம் குறைஞ்சதா அவங்களே சொன்னாங்க. ஒரு விரல் சொடுக்கு கூடுதலாக் கேட்டதுக்கே இந்தக் குறைவு. இன்னொண்ணும் கவனிங்க. 2018 ஜூலையில பொய் சேதியை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சனங்களுக்குச் சொல்ல அந்த நிறுவனம் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? பேப்பர். முழுப் பக்க விளம்பரம்.

அந்த லட்டு நெய் விவகாரம் ஓடினப்போ, பழனி பஞ்சாமிர்தத்தைப் பத்தி ஒரு சினிமா இயக்குநர் யூடியூப் பேட்டி ஒண்ணுல, கேள்விப்பட்டதா ஒரு மோசமான விஷயத்தைச் சொல்லி வழக்குல மாட்டினார். அவருக்கு முன்ஜாமீன் கொடுத்த ஐகோர்ட் மதுரைக் கிளை, பத்திரிகையிலயும் சமூக வலைதளத்திலயும் மன்னிப்பு கேக்கணும்னு நிபந்தனை போட்டுச்சு. அவர் முகத்தைக் காட்டிப் பேசினதால அது நடந்துச்சு. அதே வாரம் நெய்யைப் பத்தி முகம் காட்டாம எழுதிக் கிளப்பிவிட்டவங்க எத்தனை பேரோ, மன்னிப்பு கேக்க யாரும் வரல.

கடைசியா நல்லவாடு. புதுச்சேரி பக்கத்துல ஒரு மீனவக் கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லேர்ந்து அந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சு, கடல் அலை எவ்வளவு உயரம்ங்கிறது உட்பட, தேவையான சேதியை ஒலிபெருக்கியில சொல்லிக்கிட்டு வந்தாங்க. 2004 டிசம்பர் 26 காலையில, சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர்ப் பையன் ஒருத்தர் டிவியில சுனாமிச் சேதியைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டுக்காரங்க சொன்னது மையத்துக்குப் போச்சு, மையத்து ஒலிபெருக்கி ஊரை எழுப்புச்சு. 3,600 பேருக்கு மேல இருந்த ஊர் தப்பிச்சுச்சு. டிவி, வெளிநாட்டு போன், குழாய் ஸ்பீக்கர், மூணு காலத்துத் தொழில்நுட்பமும் அன்னிக்குக் கைகோத்துச்சு. ஆனா "கடல் பொங்குது, ஓடுங்க"ன்னு ஒலிபெருக்கியில வந்தப்போ யாரும் அதை வதந்தின்னு சொல்லி வீட்டுலயே உட்காரல. சொன்னது யார் வீட்டுப் பையன்னு ஊருக்குத் தெரியும். தினமும் அலை உயரம் சொன்ன அதே குழாய்லேர்ந்துதான் அந்தக் குரலும் வந்துச்சு.